60,000 ரூபாய்க்குள் விளையாடவும் படிக்கவும் ஒரு லேப்டாப்: கொழிஞ்சாம்பாறை மாணவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். கேரள எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவையிலுள்ள கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வருகிறீர்கள். கணினி அறிவியல், முதலாண்டு. தேங்காய் விற்ற பணத்திலிருந்து அப்பா 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்; மிகவும் தேவையென்றால் இன்னும் ஐயாயிரம் கிடைக்கும். பாடத்துக்கான வேலைகளோடு வேலரண்ட், ஜிடிஏ 5, முடிந்தால் அதற்குப் பின் வந்த பெரிய விளையாட்டுகள் சிலவும் ஓட வேண்டும். படிப்பு முடியும் வரையிலாவது பொருள் உழைக்க வேண்டும். என்விடியாவின் கிராபிக்ஸ் சிப்புகளான ஆர்டிஎக்ஸ் 2050, 3050, 4050 ஆகிய மூன்றில் எது என்பது ஒரு கேள்வி. பாலக்காட்டில் வாங்குவதா, கோவையில் வாங்குவதா, ஆன்லைனிலா என்பது மற்றொன்று.

நான் சித்தூரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, நம் பாலக்காட்டுச் சித்தூர். புதிய லேப்டாப் விற்பதில்லை. எனவே எந்த நிறுவனத்துக்காகவும் பேச வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. மேசைக்கு வரும் பொருள்களைத் திறந்து பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகியிருப்பது ஒன்று உண்டு: மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் லேப்டாப் ஒன்றாக இருப்பதில்லை. 2050, 3050, 4050 என்ற எண்களை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம்.

அதற்குக் காரணம் மின்திறன். லேப்டாப்பில் வரும் கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. சிப் செய்யும் என்விடியா ஒரு வரம்பை மட்டுமே கொடுக்கிறது. லேப்டாப்புக்கான 3050 சிப்புக்கு அந்த வரம்பு 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை. 4050 சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. முன்பெல்லாம் குறைந்த வாட்டில் ஓடும் சிப்புகளை மேக்ஸ்-க்யூ என்று தனியாகப் பெயரிட்டு விற்றார்கள். 3050 அடங்கிய 30 வரிசை வந்த 2021க்குப் பிறகு அந்தப் பெயர் வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே மெல்லிய உடலுக்குள் 45 வாட்டில் மூச்சுத் திணறும் 4050, தடித்த உடலுக்குள் 80 வாட்டில் ஓடும் 3050 ஆகிய இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால், விலையில் தெரியும் வித்தியாசம் திரையில் அந்த அளவுக்குத் தெரியாது. டிஜிபி என்ற பெயரில் இந்த வாட் கணக்கை நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடலின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சார்ஜரின் வாட்டைச் சொல்வார். அது வேறு, இது வேறு. விவரப் பக்கத்தில் டிஜிபி எழுதப்படவே இல்லையென்றால், எழுதிக் காட்டும் அளவில் அது இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த வாட் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுவானது. நம் ஊருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு, அதுதான் சூடு. இணையத்தில் நீங்கள் பார்க்கும் சோதனை வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுக்கப்படுபவை. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. ஓட்டு வீட்டின் அறைக்குள் நண்பகலில் 36 டிகிரி இருப்பது சாதாரணம். லேப்டாப்பின் பிராசசர் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் சிப்புகளில் பலவற்றுக்கு அது 100 டிகிரி. ஒரு ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது, அதன் சூட்டுக்கும் அறைக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பின் சூட்டை 95 என்று கொண்டால், 24 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 71. 36 டிகிரி அறையில் 59தான். அதாவது ஏசி அறையில் 100 வாட் வெப்பத்தைச் சமாளிக்கும் அதே ஹீட்சிங்க், நம் வீட்டில் தோராயமாக 83 வாட்டைத்தான் சமாளிக்கும். மீதி 17 வாட்டை லேப்டாப் வேகத்தைக் குறைத்து ஈடுகட்டும். ஆட்டம் நடுவில் திக்கும்.

இதனால்தான் இந்த விலையில் மெலிந்த, பளபளப்பான கேமிங் லேப்டாப்பைத் தேடாதீர்கள் என்கிறேன். இரண்டு விசிறிகள், பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்று வெளியேறும் வழிகள், இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஆகியவை கொண்ட, பார்ப்பதற்கு அவ்வளவு அழகில்லாத பெட்டிகளே இங்கே நீண்ட நாள் உழைக்கின்றன. சார்ஜரையும் சேர்த்தால் இரண்டே முக்கால், மூன்று கிலோ வரை வரும். நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு அதைச் சுமப்பது எளிதல்ல; வாங்கும் முன் அதே எடையில் புத்தகங்களைப் பையில் போட்டு ஒரு வாரம் கல்லூரிக்குச் சென்று பாருங்கள் என்பேன். முடியாது என்று தோன்றினால் கேமிங் லேப்டாப் என்ற எண்ணத்தையே மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்த யோசனையை இங்கேயே முடித்துவிடலாம். வேலரண்ட் மட்டும்தான் என்றால் தனி கிராபிக்ஸ் சிப்பே தேவையில்லை. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ போல பிராசசரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸிலேயே குறைந்த அமைப்பில் அது நன்றாக ஓடும். ஆனால் ரேம் இரண்டு சானலில் இருக்க வேண்டும், அதாவது ஒரே 16 ஜிபி குச்சியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக இருக்க வேண்டும். ஒற்றைக் குச்சி போட்டால் அந்தக் கிராபிக்ஸின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015இல். அதற்கும் பெரிய சிப் தேவையில்லை. நீங்கள் கேட்ட மூன்றில் சிறியதான 2050கூட இந்த இரண்டுக்கும் போதும். பெயரில் 20 இருந்தாலும் அதன் உள்ளே இருப்பது 30 வரிசையின் சிப்தான். ஆனால் மெமரிக்குச் செல்லும் பாதை 64 பிட் மட்டுமே, மெமரி 4 ஜிபி, வாட்டும் 45க்குள். "அதற்குப் பின் வந்த பெரிய விளையாட்டுகள்" என்று நீங்கள் எழுதிய வரிதான் அதைத் தட்டிக்கழிக்க வைக்கிறது.

கிராபிக்ஸ் மெமரி பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 3050 சிப் லேப்டாப்பில் இரண்டு வகையாக வருகிறது: பழையது 4 ஜிபி, பிறகு வந்தது 6 ஜிபி. கடையின் விலைப் பட்டியலில் இரண்டும் "3050" என்றே இருக்கும். இப்போதைய பெரிய விளையாட்டுகளில் சுவர், தரை, முகம் ஆகியவற்றின் படங்களை வைக்க 4 ஜிபி போதாமல், மீதி லேப்டாப்பின் சாதாரண ரேமுக்கு வழிந்துவிடுகிறது. அந்த வழி மெதுவானது என்பதால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், எண்ணிக்கை) நன்றாகக் காட்டினாலும் இடையிடையே படம் வெட்டி வெட்டி ஓடும். 6 ஜிபி இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தள்ளிப்போகும். 4050 சிப்பிலும் 6 ஜிபிதான். ஆனால் அது புதிய தலைமுறை, அதே வாட்டில் கூடுதல் வேலை செய்யும், இடையில் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் வசதியும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் 2050, 3050 இரண்டிலும் உண்டு. ஃபிரேம்களைச் சேர்ப்பது மட்டும் இல்லை.

ஆகவே என் வரிசை இது. சலுகைக் காலத்தில் உங்கள் 65,000 ரூபாய்க்குள், 75 வாட்டுக்குக் குறையாத 4050 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் முழு வாட்டில் ஓடும் 6 ஜிபி 3050. 4 ஜிபி 3050 அதற்கும் பல ஆயிரம் குறைவாக வந்தால் மட்டும் பரிசீலிக்கலாம். ஓராயிரம், இரண்டாயிரம் வித்தியாசத்துக்காக அதை எடுக்க வேண்டாம். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் மாடல் பெயரைச் சொல்லாமல் அளவுகோலைச் சொல்கிறேன்.

பிராசசரில் பெயர் விளையாட்டு இன்னும் மோசம். இன்டெல் ஐ5 என்பதோடு நிறுத்தாமல் கடைசி எழுத்தைப் பாருங்கள்: எச் என்றால் ஏறத்தாழ 45 வாட் வகுப்பு, யு என்றால் 15 வாட் வகுப்பு. ஐ5-12450எச், 13420எச் இரண்டும் எட்டு கோர்கள் கொண்டவை, நான்கு வேகமானவை, நான்கு சிக்கனமானவை. உங்கள் தேவைக்கு இவையே போதும். ஒன்று 12ஆம் தலைமுறை, மற்றொன்று 13ஆம் தலைமுறை என்பதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம். ஏஎம்டி பக்கம் வந்தால், 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பார்க்க வேண்டும். 7520யு என்பது பெயரளவில் 7000 ஆனாலும் உள்ளே ஸென் 2 என்ற பழைய வடிவமைப்பு. 7535எச்எஸ் என்பது ஸென் 3 பிளஸ், ஆறு கோர்கள். 7640எச்எஸ் என்பது ஸென் 4. மூன்றாம் எண் 2 என்றால் ஸென் 2, 3 என்றால் ஸென் 3 அல்லது அதன் திருத்தம், 4 என்றால் ஸென் 4 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ரைசன் 5 5600எச் பழையதுதான், ஆனாலும் நல்ல சிப். விலை குறைத்துக் கொடுத்தால் ஒதுக்காதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர் எட்டு மாதமே ஆன லேப்டாப்பைக் கொண்டுவந்தார். நல்ல சிப், நல்ல பிராசசர், ஆனால் 8 ஜிபி ரேம், அதுவும் ஒற்றைக் குச்சி. விண்டோஸ் 11, பிரவுசர், ஒரு வாய்ஸ் சாட் ஆகியவை திறந்திருந்தாலே ஆறு ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. விளையாட்டுக்கு என்ன மிஞ்சும்? கிராபிக்ஸ் சிப் கெட்டுவிட்டது என்று நினைத்து வந்தவருக்கு இன்னொரு 8 ஜிபி குச்சியைப் போட்டு அனுப்பினேன், வேறு எதையும் தொடவில்லை. ரேம் 16 ஜிபி இருந்தாக வேண்டும். 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு சேர்க்கலாம் என்பது நான் முன்பு எல்லோருக்கும் சொல்லிவந்த யோசனை. 2025இன் கடைசி மாதங்களிலிருந்து மெமரி விலை ஏறிவிட்டதால் இப்போது அதைச் சொல்வதில்லை. இரண்டு விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். காலியான ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, டிடிஆர்4 வகையா டிடிஆர்5 வகையா என்பதையும் கேளுங்கள். இரண்டும் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதுமா என்றால் படிப்புக்குப் போதும், விளையாட்டுக்கு இழுபறிதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கும். எஸ்எஸ்டி பொருத்தும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று உள்ள மாடலாக இருந்தால் பிறகு ஒரு டிரைவ் சேர்த்துக்கொள்ளலாம்.

திரையைப் பொறுத்தவரை 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் என்பதை எல்லோரும் பெரிதாக எழுதுவார்கள். திரை காட்டும் வண்ணங்களின் அளவான 45 சதவீதம் என்டிஎஸ்சி என்பதைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். அப்படியென்றால் வண்ணங்கள் வெளிறித் தெரியும். இந்த விலையில் பெரும்பாலான திரைகள் அப்படித்தான். வண்ணங்களுக்கான மற்றொரு அளவான எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். 250 நிட்ஸ் வெளிச்சம் வீட்டுக்குள் போதும், திண்ணையில் உட்கார்ந்து படிக்கப் போதாது.

பேட்டரி பற்றிக் கனவு வேண்டாம். மின்இணைப்பில்லாமல் எந்தக் கேமிங் லேப்டாப்பும் முழு வேகத்தில் விளையாட விடாது. பேட்டரியால் அத்தனை வாட்டைக் கொடுக்க முடியாது. வகுப்பில் குறிப்பெடுக்க, புரோகிராம் எழுத எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். 50 வாட்-மணி பேட்டரி மூன்று நான்கு மணி நேரம் தாங்கினால் அதுவே நன்று. டைப்-சி வழியாக 65 வாட் சார்ஜரை ஏற்கும் மாடலாக இருந்தால், கல்லூரிக்குப் பெரிய சார்ஜரைச் சுமக்காமல் சிறியதை எடுத்துச் செல்லலாம். பேருந்துப் பயணிக்கு இது பெரிய வரம். வீட்டில் எப்போதும் சார்ஜில் இருக்கும் என்றால், நிறுவனத்தின் செயலியில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்து பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கிக்கொண்டு வரும் லேப்டாப்புகளைக் கோடை முடியும்போது நான் வரிசையாகப் பார்க்கிறேன்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். மாநில எல்லையிலுள்ள வாளையாறைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை குறையும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு இரு மாநிலங்களிலும் 18 சதவீதம்தான். இடையில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காக ஒரு சதவீதக் கூடுதல் வரி இருந்தது. அப்போது கோவையில் வாங்கியவர்களுக்கு 60,000 ரூபாய்ப் பொருளில் ஐந்நூறு ரூபாய் மிச்சமானது, அதில் பாதி பேருந்துக்கும் பிரியாணிக்கும் போயிருக்கும். இன்று அந்த வித்தியாசமும் இல்லை.

நமக்கு இருக்கும் உண்மையான வசதி வேறு: இரண்டு ஊர்களின் பண்டிகைகளும் நமக்குக் கிடைக்கின்றன. ஆடித் தள்ளுபடியில் கோவைக் கடைகள் விலை குறைக்கும். அது முடியும் சமயம் மலையாளச் சிங்க மாதம் பிறந்து பாலக்காட்டில் ஓணம் ஆஃபர் தொடங்கும். அதன் பிறகு தீபாவளியை ஒட்டி ஆன்லைன் சலுகைகள். கல்லூரி திறக்கும் ஜூனில் அவசரப்பட்டு வாங்காமல், ஓணம் வரை கல்லூரி லேபில் சமாளித்தால் ஒரு படி மேலான சிப்பே கைக்கு வரலாம். ஆன்லைன் விலையைக் கைப்பேசியில் காட்டிக் கடைக்காரரிடம் பேசுங்கள். அந்த விலைக்கு வராவிட்டாலும் ரேம் குச்சியோ கூடுதல் ஓராண்டு வாரண்டியோ கேட்டுப் பாருங்கள். பையும் மவுஸும் கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள், அதற்கு மயங்க வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் சர்வீஸ் எங்கே என்பதுதான் முக்கியம். இந்தியாவில் விற்கும் லேப்டாப்பின் வாரண்டி நாடு முழுவதும் செல்லும். ஆனால் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்-சைட் சேவை உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதை வாங்கும் முன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். கிராமத்துப் பின்கோடுக்கு இல்லை என்று சொன்னால், நீங்கள் நாள்தோறும் செல்லும் கோவையில் சர்வீஸ் சென்டர் இருக்கும் நிறுவனமாகப் பார்த்து எடுப்பதே நல்லது. ரேமும் எஸ்எஸ்டியும் சேர்க்கப் பின்மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்; வாய்மொழியாகக் கேட்டது பின்னால் உதவாது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது பெரும்பாலும் தூசு பற்றியது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசல் புழுதியை வீடு முழுக்கக் கொண்டுவந்து கொட்டும். ஹீட்சிங்கின் இடுக்குகளில் அது கம்பளம் போலப் படிகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, அந்தக் காற்று ஓய்ந்து வெயில் தொடங்கும் மாசி மாதத்தில், திறந்து சுத்தம் செய்யுங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்டை இரண்டாம் ஆண்டில் மாற்றினால் போதும். மெத்தையின் மேல் வைத்து விளையாட வேண்டாம். பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே கீழிருந்து காற்று தாராளமாகப் போகும். விலை உயர்ந்த கூலிங் பேட் எதுவும் வேண்டாம், இரண்டு மரக்கட்டைகள் போதும்.

கடைசியாக, பொருள் கைக்கு வந்த முதல் வாரத்தில், மாற்றிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்து பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் எண் லேப்டாப்பின் அடியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று பாருங்கள்; விவரப் பக்கத்தில் சொன்ன எண் அங்கே இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். பிறகு நண்பகலில், ஏசி இல்லாத உங்கள் அறையில், மின்இணைப்போடு ஒரு மணி நேரம் தொடர்ந்து கனமான ஒரு விளையாட்டை ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எத்தனை எஃப்பிஎஸ், கடைசிப் பத்து நிமிடத்தில் எத்தனை என்று குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சரி. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அந்தக் குறிப்போடும் பில்லோடும் மறுநாளே கடைக்குச் செல்லுங்கள்.